தாழ்ப்பாள் கழற்றியவள்

நான் அவளை முதலில் கண்டபோது, அவள் ஆஸ்பத்திரிக் குவாட்டர்ஸில் என்னுடைய அறைக் கதவின் முன்னால் முட்டுக்காலில் நின்று உள் தாழ்ப்பாளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். வாய்க்குள் திருகாணிகள். கையில் மஞ்சள் பிடி போட்ட ஸ்க்ரூ ட்றைவர். எனக்குப் பின்னால், இணுவிலிலிருந்து ஓட்டோவில் வந்திறங்கிய அம்மா ஒரு கையில் பயற்றம் பணியாரப் பேணியும் மறுகையில் கோயில் திருநீறுமாக நின்றாள்.

"ஆர் நீர்?" என்று கேட்டேன்.

வாய்க்குள் ஆணி இருந்ததால் பதில் உடனே வரவில்லை. கடைசித் திருகாணியையும் எடுத்து, தாழ்ப்பாளைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழும்பினாள்.

"பக்கத்து அறை. உம்மடை கதவுதான் கடைசி. மற்றதெல்லாம் கழட்டியாச்சு. ராவிலை பயத்திலை கட்டிலை இழுத்துக் கதவுக்கு அண்டை குடுக்கப்படாது. அதையும் இப்பவே சொல்லிப்போட்டன்."

அம்மா "என்ரை முருகா" என்றாள். பிறகு குரல் ஏறிவிட்டது. "பொம்பிளைப் பிள்ளையள் இருக்கிற இடம். தாழ்ப்பாள் இல்லாட்டி இதென்ன வீடோ, சந்தையோ?"

"அம்மா, வெளிக்கதவைப் போய்ப் பாருங்கோ. புதுசா ரெண்டு போட்டிருக்கிறன். பித்தளை. யானை வந்து தள்ளினாலும் அசையாது. உள்ளுக்கை இருக்கிறது நாங்கள்தானே. எங்களுக்குள்ளை என்ன ஒளிப்பு மறைப்பு?"

"உடுப்பு மாத்திறதுக்கு?"

"மாத்திறன் எண்டு ஒரு சத்தம் போடச் சொல்லுங்கோ. ஒருத்தரும் வராயினம்."

சொல்லிவிட்டு அம்மாவின் கையிலிருந்த பேணியைத் திறந்து ஒரு பணியாரத்தை எடுத்துக் கடித்தபடி போய்விட்டாள். அம்மா வீடு போய்ச் சேரும்வரை அதையே சொல்லிக்கொண்டு போயிருப்பாள் என்று நினைக்கிறேன். அன்று பின்னேரமே போன் எடுத்து, "உந்த விசரியோடை சேராதை" என்றாள். சேராமல் இருக்க வழியிருந்தால்தானே. நடுவில் கதவே இல்லாத மாதிரிதான்.

மருத்துவப் படிப்பு முடித்தவர்கள் முழு டொக்டராகப் பதிவதற்கு முன் ஒரு வருடம் ஆஸ்பத்திரியிலேயே கிடந்து வேலை பழக வேண்டும். ஹவுஸ் ஒஃபிசர் என்று பெயர். பெயரைக் கேட்டால் ஏதோ பங்களா உத்தியோகம் போல இருக்கும். நோயாளர் கிடக்கிற வாட்டில் யார் கூப்பிட்டாலும் ஓட வேண்டும், யார் ஏசினாலும் கேட்க வேண்டும், விடிந்ததா இருண்டதா என்பதை யன்னலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஊரில் என்னவென்றால் அம்மா வீட்டு வாசல் படலையில் என் பெயருக்கு முன்னால் டொக்டர் என்று எழுதி மாட்டப் பலகை தேடிக்கொண்டிருந்தாள். எப்போதாவது ஒரு நாள் லீவு கிடைத்து வீட்டுக்குப் போனால், முற்றத்தில் நாலு பேர் சீனி வருத்தம், நீரிழிவு என்று ரிப்போட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். களைத்துப்போனேன் என்று யாரிடம் சொல்வது? சொன்னால், "டொக்டருக்கே களைப்போ?" என்று சிரிப்பார்கள். சொல்லாமல் விடப் பழகினோம். அதைத்தான் அவள் விடவில்லை.

அச்சுவேலிச் சந்தைக்குக் கிட்ட அவளுடைய அப்பா ஹார்ட்வெயர் கடை வைத்திருந்தார். ஆணி, கொண்டி, பூட்டு, தாழ்ப்பாள் எல்லாம் விற்கிற கடை. "அப்பா தாழ்ப்பாள் வித்து என்னைப் படிப்பிச்சவர். நான் கழட்டித் திரியிறன். வீட்டுக்கு உதவாத பிள்ளை" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். மெலிந்த உடம்பு. ஊசி ஏற்றும்போது கையில் கட்டுகிற ரப்பர் பட்டியால்தான் தலைமயிரைக் கட்டியிருப்பாள். அவள் இருந்து சாப்பிட்டதை யாரும் கண்டதில்லை. பாணுக்குள் சம்பலை வைத்துச் சுருட்டி, நடந்துகொண்டே தின்பாள். கதிரையைக் காட்டினால் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நின்றாலும் ஒரு கால் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும். அவளோடு பத்து நிமிஷம் கதைத்தால் கேட்கிறவளுக்கும் காலாட்டம் வந்துவிடும்.

குளியலறைத் தாழ்ப்பாளை மட்டும் கழற்றாமல் விட்டிருந்தாள். அதற்கும் நிபந்தனை உண்டு. குளிக்கிறவள் பாட வேண்டும், பாட்டு வராதவள் கதைக்க வேண்டும். சத்தம் நின்றால் வெளியே இவளுடைய கை கதவில் விழும். வெட்கம் பிடித்த ஒருத்தி எங்களோடு இருந்தாள், வதிரிப் பக்கத்துப் பிள்ளை. அவளுக்குப் பாட்டும் வராது, கதையும் வராது. மூளையிலிருந்து புறப்படும் நரம்புகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு குளிப்பாள். ஒரு நரம்பைத் தவறவிட்டால் அடுத்த அறையிலிருந்து யாராவது எடுத்துக் கொடுப்போம்.

இதையெல்லாம் சிரிப்பாகச் சொல்கிறேன். அப்போது எல்லா நாளும் சிரிப்பாக இருக்கவில்லை. வைகாசி பிறந்து சோளகக் காற்று எழும்பியதும் தாழ்ப்பாள் இல்லாத கதவெல்லாம் அடிக்கத் தொடங்கியது. டமார், டமார் என்று ஒன்று முடிய ஒன்று. வேலை முடிந்து வந்து கண்ணை மூடினால் நெஞ்சுக்குள் அடிக்கிற மாதிரி இருக்கும். நாங்கள் கத்தினோம். அவள் வாட்டிலிருந்து வெறும் சேலைன் போத்தல்களைச் சேர்த்துக் கொண்டுவந்து, முற்றத்து மணலை அள்ளி நிரப்பி, ஒவ்வொரு கதவுக்கும் ஒன்றாக முண்டு கொடுத்தாள். அதனால் கதவுகள் அடிக்கவில்லை. ஆனால் மூடவும் இல்லை. அவளுக்கு வேண்டியதும் அதுதான்.

ஒரு நாளில் எப்படியும் ஒரு தடவை வந்துவிடுவாள். தட்டுகிற பழக்கம் இல்லை. வாசலில் நின்று, "உயிரோடை இருக்கிறியோ?" என்பாள். அறிமுகமான அடுத்த நாளே நீர் போய் நீ வந்துவிட்டது.

"ஓம்."

"ஓம் எண்டால் கணக்கில்லை. ஒரு குறை சொல்லு."

குறை சொல்லியே ஆக வேண்டும். சொதி உப்பில்லை, நுளம்புவலை ஓட்டை, நேர்ஸ் முகத்தைத் தூக்குகிறா, அம்மா கலியாணம் பேசுகிறா, என்னவென்றாலும் சரி. சொன்னால் ஆறுதல் சொல்ல மாட்டாள். புத்தி சொல்ல மாட்டாள். "வேறை?" என்பாள். அதற்கும் சொன்னால் மறுபடியும் "வேறை?" குறை முடிந்து நமக்கே சிரிப்பு வரும்வரை அந்த ஒரு சொல்தான். எனக்கு ஆத்திரமாக வரும். ஒரு தரம் கேட்டேன்.

"ஏனடி எங்கடை வாயைக் கிண்டுறாய்? குறை சொல்லாட்டி உனக்குப் பொழுது போகாதோ?"

"குறை சொல்லுறவளைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அவள் நாளைக்கும் சோத்திலை கல்லுக் கிடக்கெண்டு கத்துவாள். ஒரு குறையும் இல்லை எண்டு சொல்லுறவளைத்தான் நான் பயந்து பாக்கிறனான்."

அது ஒரு பேச்சுக்குச் சொன்னது என்று நினைத்தேன்.

எங்கள் வாட்டுக்குப் பொறுப்பான நிபுணர், நாங்கள் கன்சல்டன் என்று சொல்கிறவர், கெட்டிக்காரர். கையை வைத்தே நோயைச் சொல்லுவார். வாயை வைத்து ஆளைக் கொல்லுவார். அவருடைய வாட்டில் சண்டிலிப்பாயைச் சேர்ந்த புகையிலைத் தோட்டக்காரர் ஒருவர் மூச்சிழுப்போடு கிடந்தார். என்னைக் கண்டால் "பிள்ளை வந்திட்டா, இனி மூச்சு வரும்" என்பார். தேறி வந்துகொண்டிருந்தவர். ஒரு காலைப்பொழுது நான் அந்தப் பக்கத்துக் கட்டிலில் இரத்தம் எடுத்துக்கொண்டிருக்கையில் இந்தப் பக்கம் அவர் முடிந்துபோனார். செய்ய வேண்டியதெல்லாம் செய்தோம். அவருடைய மனைவி என் கையைப் பிடித்து, "நீங்கள் வடிவாத்தான் பாத்தனீங்கள், பிள்ளை. அவரின்ரை காலம் அவ்வளவுதான்" என்றா. அவ ஏசியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

பிறகு கன்சல்டன் வந்தார். நோயாளிகள், நேர்ஸ்மார், துப்புரவுக்கு வந்த அக்கா எல்லாரும் பார்க்க வாட்டின் நடுவில் என்னை நிறுத்தினார்.

"நீர் டொக்டரோ, இல்லாட்டிப் பாடமாக்கிச் சோதனை பாஸ் பண்ணின கிளியோ? பக்கத்துக் கட்டிலிலை மனுசன் மூச்செடுக்கக் கஷ்டப்படுறது கேக்கேல்லையோ? எங்கடை காலத்திலை நாங்கள் நாள்கணக்கா நித்திரையில்லாமல் நிண்டனாங்கள். ஒருத்தரும் செத்துப்போகேல்லை."

அவர் யாரைச் சொன்னார், நோயாளிகளையா ஹவுஸ் ஒஃபிசர்களையா என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டுமே பொய்யாகத்தான் இருக்கும். ஆனால் அப்போது அப்படி நினைக்கத் தோன்றவில்லை. சரி சேர் என்றேன். அடுத்த கட்டிலுக்குப் போனோம். அதற்குப் பிறகு சில நாட்கள் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. ஓடினேன், எழுதினேன், ஊசி போட்டேன். சாப்பாடு மட்டும் தொண்டைக்குள் இறங்கவில்லை. படுத்தால் அந்த மூச்சுச் சத்தம் கேட்கும். பக்கத்துக் கட்டில், பக்கத்துக் கட்டில் என்று மனம் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்திவிட்டால் எவ்வளவு அமைதியாக இருக்கும் என்று யோசித்தேன். வேலையை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு வேலையை மட்டும் அல்ல.

அவள் வாசலில் வந்து நின்றாள். "உயிரோடை இருக்கிறியோ?"

"ஓம்."

"குறை?"

"ஒண்டுமில்லை. எல்லாம் சரி."

கால் தட்டுகிற சத்தம் நின்றது. உள்ளே வந்தாள். கதிரையில் இருந்த துவாயை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் ஓரிடத்தில் இருந்ததை அன்றைக்குத்தான் கண்டேன். எனக்கு அதுவே பயமாக இருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் காலை என்னை எழும்ப விடாமல் தானே என்னுடைய வாட்டுக்குப் போயிருக்கிறாள். அங்கே நடந்ததை நேர்ஸ் ஒருத்தி பிறகு எனக்கு நடித்தே காட்டினாள்.

"சேர், அவ இண்டைக்கு வரமாட்டா."

"என்ன வருத்தம்?"

"குறை சொல்லுறேல்லை, சேர்."

"அதொரு வருத்தமோ?"

"ஓம் சேர். பெரிய வருத்தம். நீங்களும் கனகாலமாக ஒரு குறையும் சொல்லேல்லை எண்டு கேள்வி. மற்றவையிலைதான் குறை கண்டுபிடிக்கிறீங்கள். உங்கடை குறை ஒண்டைச் சொல்லுங்கோ பாப்பம்."

கன்சல்டனின் முகம் சிவந்து, பிறகு கறுத்து, "வெளியிலை போம்" என்ற சொல் மட்டும் வந்ததாம். அவள் போனாள். நேராகக் குவாட்டர்ஸுக்கு வந்து என்னைத் தன்னுடைய ஸ்கூட்டியில் ஏற்றினாள். எங்கே போகிறோம் என்று கேட்க எனக்கு ஆசை இருக்கவில்லை. காற்று முகத்தில் மணலை வாரி அடித்தது. கோப்பாய் தாண்ட, தோட்டங்களில் வெங்காயம் கிண்டி அடுக்கியிருந்தார்கள். அவள் வழிநெடுக ஹோன் அடித்துக்கொண்டு, ஆட்டை ஏசிக்கொண்டு, பஸ்ஸை ஏசிக்கொண்டு ஓட்டினாள்.

அச்சுவேலிக் கடையில் அவளுடைய அப்பா கழுத்தில் துவாயோடு கணபதிக்கு விளக்கு வைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கதிரை போட்டார்.

"இரும் பிள்ளை. நீரும் அங்கை குவாட்டர்ஸோ? நல்லது. ஒரு நியாயம் சொல்லும். உங்கடை கதவுத் தாழ்ப்பாளெல்லாத்தையும் கழட்டிக் கொண்டந்து இஞ்சை கொட்டியிருக்கிறாள். கவுண்மேந்துச் சாமான். நான் இதை விக்கிறதோ, பூசை அறையிலை வைச்சுக் கும்பிடுறதோ?"

அவள் உள்ளே போய் ஒரு பெரிய அலுமினியப் பேசினோடு வந்தாள். எப்போதோ ராக்கைத் தட்டு சரிந்து கொட்டுண்ட திருகாணிகள். எல்லா அளவும் கலந்து கிடந்தன. என் மடியில் வைத்து, "பிரி" என்றாள். நான் பிரித்தேன். நீளமானது ஒரு பக்கம், கட்டையானது ஒரு பக்கம். தந்தையும் மகளும் யாவாரத்தைப் பார்த்தார்கள். ஒருவர் கிணற்றுக் கப்பி கேட்டு வந்தார். ஒருவர் வாங்கிய பூட்டைத் திருப்பிக் கொடுக்க வந்து சண்டை போட்டார். சோடா வந்தது. வெய்யில் கடை வாசல்வரை ஏறி வந்தது. எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. என்னை அறியாமல் வாய் திறந்தது.

"செருப்புக் கடிக்குது."

அவள் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தவள் திரும்பவில்லை. "வேறை?"

"சோறு இறங்குதில்லை."

"வேறை?"

"அந்த மனுசன் என்னைத்தான் பாத்துக்கொண்டு போயிருப்பார். நான் மற்றப் பக்கம் திரும்பி நிண்டனான்."

"வேறை?"

பிறகு நான் குழறி அழுதுவிட்டேன். நிறுத்திவிட நினைத்ததையும் சொன்னேன். அப்பா கடை வாசலில் போய் நின்று, வந்தவர்களை, "கொஞ்சம் பொறுத்து வாங்கோ, சாமான் வரேல்லை" என்று திருப்பி அனுப்பினார். அவள் எல்லாம் கேட்டாள். கடைசியில் என் மடியிலிருந்த பேசினை எடுத்துப் பார்த்து, "ஒண்டும் ஒழுங்காப் பிரிக்கேல்லை" என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து மூக்கால் ஒழுகியது. அன்று பின்னேரமே மனநல வைத்தியர் ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அந்த அறை வாசலிலும் நின்றபடி காலாட்டிக்கொண்டுதான் காத்திருந்தாள்.

திரும்பி வருகிற வழியில், ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டே, முகத்தைக் காட்டாமல் சொன்னாள். படிக்கிற காலத்தில் விடுதியில் அவளோடு ஒரே அறையில் ஒருத்தி இருந்தாளாம். சிரித்த முகம். எதைக் கேட்டாலும் எல்லாம் சரியடி என்பவள்.

"உள்ளுக்குத் தாழ்ப்பாள் போட்டிருந்தவள். நித்திரையாக்கும் எண்டு நினைச்சுக்கொண்டு நான் வெளியிலை இருந்து படிச்சனான். உடைச்சுக்கொண்டு போகேக்கை எல்லாம் முடிஞ்சுது. நல்ல தாழ்ப்பாளடி அது. எங்கடை கடையிலை விக்கிற சாதி."

அதற்குப் பிறகு எனக்கு அந்தக் கதவுகளின் சத்தம் பெரிய தொந்தரவாகத் தெரியவில்லை.

வருடம் நகர நகர அவளுடைய ஓட்டமும் கூடியது. யாருக்காவது காய்ச்சல் என்றால் அவளுடைய வேலையையும் இவள் எடுப்பாள். ஒருத்திக்குத் தம்பியின் கலியாணம் என்றால் அவளை அனுப்பிவிட்டு இவள் நிற்பாள். "நீ போய்ப் படு" என்று ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்திலிருந்து உருவி எடுப்பாள். தான் எப்போது படுத்தாள் என்று எவருக்கும் தெரியாது. அவளிடம் யாராவது, "உனக்கு என்னடி குறை?" என்று கேட்டால், "எனக்கென்ன, கடைச் சாமான், துருப்பிடிக்காது" என்பாள். நாங்களும் சிரித்துவிட்டுப் போவோம். டொக்டர்மார் என்று பெயர். எங்களுக்குள் ஒருத்தி முன்னாலேயே கற்றுத் தந்த நோய்க்குறியை அவளிலேயே காணத் தெரியவில்லை.

குவாட்டர்ஸில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. வேலை முடிந்து வந்து படுத்தவளை எழுப்பக் கூடாது. வீட்டிலிருந்து போன் வந்தாலும் எழுப்பக் கூடாது, சாப்பாடு ஆறினாலும் எழுப்பக் கூடாது. கோயில் மூலஸ்தானத்துக்குக்கூட அவ்வளவு மரியாதை கொடுத்திருக்க மாட்டோம். நித்திரையின் அருமை நித்திரை கெட்டவர்களுக்குத்தானே தெரியும்.

ஒரு நாள் காலையில் அவள் வேலை முடிந்து வந்து படுத்தாள். கதவு வழமைபோலத் திறந்துதான் கிடந்தது. சுவரைப் பார்த்தபடி, எங்களுக்கு முதுகு காட்டிக் கிடந்தாள். எங்களுக்கு எவ்வளவு சந்தோஷம். ஒருபடியாகப் படுத்துவிட்டாளே என்று ஆளுக்காள் சைகை காட்டினோம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த வாசலைக் கடந்தோம். காற்றில் கதவு அசைந்து அவளுடைய நித்திரையைக் குழப்பப் போகிறதென்று வதிரிப் பிள்ளை தன்னுடைய மணல் போத்தலையும் கொண்டுவந்து அண்டை கொடுத்தாள். மத்தியானம் அப்படியே கிடந்தாள். பின்னேரமும் அப்படியே. களைப்பு என்றோம். அடுத்த நாள் அவளுக்கு வேலை இல்லை என்று தெரிந்ததால், நல்லாய்ப் படுக்கட்டும் என்றோம். மறுநாள் மத்தியானமும் அதே முதுகுதான் தெரிந்தது.

நான் அவளுடைய தலைமாட்டு அலுமாரியிலிருந்து என் குடையை எடுக்கத்தான் உள்ளே போனேன். மெதுவாக, பூனை மாதிரிப் போனேன். திரும்பியபோது அவளுடைய முகம் தெரிந்தது. கண் திறந்திருந்தது.

"எப்பயடி எழும்பினனீ?"

"நான் நித்திரை கொள்ளேல்லை."

"எப்ப துவக்கம்?"

சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். "கதவு திறந்துதானே கிடந்தது. எல்லாரும் எட்டிப் பாத்திட்டு மெள்ள மெள்ளப் போனியள். கூப்பிடுவம் எண்டு பாத்தன். குரல் வரேல்லை."

கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தேன்.

"ஒரு குறை சொல்லு" என்றேன்.

"ஒண்டுமில்லை. எல்லாம் சரி."

அந்தக் கதிரையை விட்டு நான் எழும்பவில்லை. அங்கிருந்தே சத்தம் போட்டு மற்றவர்களைக் கூப்பிட்டேன். வதிரிப் பிள்ளை ஓடி வந்து, என் முகத்தைப் பார்த்தவுடன் விளங்கிக்கொண்டு, இரண்டு போத்தலையும் காலால் எத்திவிட்டு உள்ளே விழுந்தாள். ஒருத்தி அவளுடைய கையைப் பிடித்தாள், ஒருத்தி தலையைத் தடவினாள், ஒருத்தி தேத்தண்ணி வைக்க ஓடினாள். கதவு பின்னால் டமார் என்று அடித்தது. அந்தச் சத்தத்துக்கு அவளுடைய தோள் துள்ளியது. அப்பாடா என்றிருந்தது எனக்கு.

அப்பா அச்சுவேலியிலிருந்து வந்தார். மகளைத் தூக்கி இருத்தினார். அவளுடைய கதவுக்கும் தாழ்ப்பாள் இல்லை. அதைக் கழற்றின இடத்தில் இருந்த ஓட்டைகளில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஓட்டையை மெழுகால் அடைச்சிருக்கலாம், கறையான் உள்ளுக்குப் போகும்" என்றார். பிறகு துவாயால் முகத்தை மூடிக்கொண்டார்.

எனக்குக் கிடைத்த அதே வைத்தியர் அவளுக்கும் கிடைத்தார். நீண்ட லீவு எழுதினார். அப்போது முறை மாறி அவளும் எங்கள் வாட்டில்தான் இருந்தாள். கன்சல்டன், "அப்ப அவ வருமட்டும் ஆர் வேலை பாக்கிறது?" என்றுதான் கேட்டார். "நாங்கள் பாப்பம் சேர்" என்று நாங்கள் ஒரே குரலில் சொன்னோம். அவர் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார். எங்களை நிறுத்தி ஏசத்தான் போகிறார் என்று நின்றோம். ஏசவில்லை. அடுத்த கட்டிலுக்குப் போனார். அவர் திருந்தினார் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அன்றைக்கு மட்டும் ஏசவில்லை, அவ்வளவுதான்.

அவள் எங்கள் குவாட்டர்ஸுக்குத் திரும்பி வரவில்லை. மருந்தும் ஓய்வுமாக வீட்டில் இருந்து, தேறி, மிச்சப் பயிற்சியை வேறொரு ஆஸ்பத்திரியில் பிந்தி முடித்தாள் என்று அறிந்தேன். அதை ஊரில் எத்தனை விதமாகக் கதைத்தார்கள் என்று இங்கே எழுதினால் எனக்குத்தான் இரத்த அழுத்தம் ஏறும். அவளுடைய அப்பா எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொன்னாராம். "பிள்ளைக்கு வருத்தம் வந்தது. மருந்து எடுத்தா. சுகம். உங்களுக்கு என்ன சாமான் வேணும்?"

இப்போது அவள் தீவுப் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் டொக்டர். நான் இங்கே ஒரு வாட்டில் ஹவுஸ் ஒஃபிசர்களுக்கு மேலே நிற்கிறேன். வருடங்கள் போய்விட்டன. நேரே காண்பது அரிது. எப்போதாவது மத்தியானத்தில் போன் அடிக்கும். ஹலோ கிடையாது. "உயிரோடை இருக்கிறியோ?" நான் என் குறைகளைக் கொட்டுவேன், அவள் வேறை, வேறை என்பாள். முடித்துவிட்டு, "சரி, நீ உன்ரை குறையைச் சொல்லு" என்று நான் கேட்டால், "எனக்கென்னடி, எல்லாம் சரி" என்று போனை வைத்துவிடுவாள்.

அந்த "எல்லாம் சரி" எத்தனை நாள் என்னை அலைக்கழித்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. போன் வைத்த கையோடு மறுபடி எடுப்பேன். எடுக்க மாட்டாள். வாட்டில் நின்றுகொண்டு காலாட்டுவேன். பிள்ளைகள் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். கடைக்குப் போன் எடுத்து அவளுடைய அப்பாவிடம் கேட்பேன். "சாப்பிடுறா, படுக்கிறா, போன கிழமையும் வந்திட்டுப் போனவ" என்று அந்தப் பாவி மனுசன் எனக்கு ஆறுதல் சொல்வார். எனக்கு ஆறாது. சாப்பிடுவதும் படுப்பதும் எங்களுக்கும் தெரியும்.

இந்தச் சோளகத்தில், போன கிழமை ஒரு மத்தியானம், சோற்றுக் கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு நானே போன் எடுத்தேன்.

"உயிரோடை இருக்கிறியோ?"

"ஓம்."

"ஓம் எண்டால் கணக்கில்லை. ஒரு குறை சொல்லு."

"எனக்கென்னடி..."

"போனை வைச்சியெண்டால் இப்பவே பஸ் ஏறி வருவன். வாட்டை விட்டிட்டு வருவன். சொல்லு."

காற்றின் இரைச்சல் கேட்டது. நான் காத்திருந்தேன். கால் தன்பாட்டில் தரையைத் தட்டியது. அப்போது, போனுக்குள், எங்கோ அவளுக்குப் பின்னால் ஒரு கதவு டமார் என்று அடித்தது.

"உந்தச் சத்தம்தான்" என்றாள் அவள். "விடிய விடிய அடிக்குது. போத்தல் வைச்சாலும் தள்ளிக்கொண்டு அடிக்குது. ஒரு பொட்டு நித்திரை இல்லை."

"வேறை?"

"தண்ணி உப்பு. தலைமயிர் கொட்டுண்டு எலிவால் மாதிரிக் கிடக்கு."

"வேறை?"

"சமைக்கிற மனுசி எல்லாத்துக்கும் கத்தரிக்காய் போடுறா. ஒரு நேர்ஸ் லீவிலை போனவ திரும்பேல்லை. அப்பா வயசு போன நேரத்திலை ஏணியிலை ஏறுறார், சொன்னால் கேக்கிறாரில்லை." குரல் கரகரத்தது. பிறகு மெதுவாகச் சொன்னாள். "விடுதியிலை என்னோடை இருந்தவள் உயிரோடை இருந்திருந்தால் இப்ப எங்கடை வயசுதானே எண்டு யோசிக்கிறனான். ஒவ்வொரு நாளும்தான் யோசிக்கிறனான்."

என்ன சொல்வதென்று மனம் தேடியது. தேடவேண்டாம் என்று விட்டேன். சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுக் கதிரையில் நன்றாகச் சாய்ந்து இருந்தேன்.

"வேறை?" என்றேன்.